பதினேழாம் பெயருக்கு நேரே

வயது நாற்பத்து நான்கு. பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் உள்ளன. அரசுத் தொடக்கப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக ஆசிரியை. இவ்வாண்டு ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பு.

சம்பவம் நடந்த திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு வகுப்பறையைத் திறந்ததும் நான் முதலில் செய்தது, பிள்ளைகள் ஒருவரும் வருமுன்பே வருகைப் பதிவேட்டில் முப்பது பேரும் வந்ததாகக் குறியிட்டதுதான். ஒன்பது மணிக்குள் பதிவேடு தலைமையாசிரியையின் மேசைக்குப் போக வேண்டும் என்பதால் அப்படியே பழகிவிட்டோம். பதினேழாம் பெயர், நாங்கள் வாயாடி என்று அழைக்கும் பதினோரு வயது மாணவியுடையது. அவள் அன்று வரவில்லை. அதற்கு முந்தைய இருபத்தாறு பள்ளி நாட்களும் வரவில்லை. எல்லா நாளும் வந்ததாகவே குறித்திருக்கிறேன்.

தொடர்ந்து பத்து நாள் வராத பிள்ளையைப் பற்றி வகுப்பாசிரியர் எழுத்து மூலம் வருகை அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது கட்டாயக் கல்விச் சட்டம். பதினோராம் நாள் அந்தப் படிவத்தை நிரப்பினேன். தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு, "முப்பதுக்குக் குறைஞ்சு இருபத்தொன்பதுன்னு போனா உங்க வகுப்பையே மூடிடுவாங்க. அப்புறம் நீங்க எங்க நிப்பீங்க?" என்றார். பிறகு, "அந்த வாய் இல்லாம நாலு நாள் காதுக்கு நிம்மதின்னு இருங்களேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

அதன் பிறகு, சம்பவத்துக்குப் பதினோரு நாள் முன்பு, என் துணிகளை வாங்கச் சலவைக் கூடத்துக்குப் போனேன். மருத்துவமனை விரிப்புகளை மொத்தமாக வெளுக்கும் இடம் அது. உள்ளிருந்து என் பொட்டலத்தை எடுத்து வந்தவள் வாயாடி. "டீச்சர், உங்க துணின்னு தெரிஞ்சு நானே மடிச்சேன். ஒரு சுருக்கம் இருந்தா காட்டுங்க பாப்போம்" என்றாள். நாளைக்குப் பள்ளிக்கு வா என்றேன். அவள் உரிமையாளரைத் திரும்பிப் பார்த்தாள். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் அந்தத் துணியை உடுத்திக்கொண்டு போய்த்தான் அவளுக்கு வருகைக் குறி போட்டேன்.

திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு, விரிப்பு தேய்க்கும் உருளையில் அவளுடைய வலது கை சிக்கியது. செவ்வாய்க்கிழமை உரிமையாளரின் வக்கீல் பள்ளிக்கு வந்து, பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துப் போனார். அந்த நேரத்தில் பிள்ளை வகுப்பில் இருந்தாள், காயம் வீட்டில் பட்டது என்பது அவர்கள் தரப்பு.

அதன் பிறகு மருத்துவமனைக்குச் சென்றேன். கையில் முழங்கை வரை கட்டு இருந்தது. விரல்கள் இல்லை என்று செவிலியர் சொன்னார். வாயாடி என்னைப் பார்த்து, "இனிமே வீட்டுப்பாடம் எழுதலன்னு என்னைத் திட்ட முடியாதே டீச்சர்" என்றாள். அவளுடைய தாய் என்னை வெளியே அழைத்து வந்து கேட்டார்: "வேலைக்கு அனுப்புனது என் தப்புதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவ உங்க முன்னாடி உக்காந்திருந்தான்னு எழுதி வச்சிருக்கீங்களாமே. அப்ப எம்புள்ள கை எங்க போச்சு, நீங்களே சொல்லுங்க."

அன்று மாலை தலைமையாசிரியை, "காலையில வந்தா, இடைவேளையில சொல்லாம ஓடிட்டா, அங்க விளையாடப் போயிருப்பான்னு சொல்லிடுங்க. யாருக்கும் சேதாரமில்ல" என்றார். அது நடந்ததல்ல. அவள் அங்கே வேலை செய்தாள். எனக்குத் தெரியும்.

மேற்கண்டவற்றை, என் வாக்குமூலத்தை எழுதிய விசாரணை அலுவலர் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது.

படித்துக் காட்டிய பிறகு நான் சேர்க்கச் சொன்னது: என் கணவர் ஒரு வக்கீலுடன் வெளியே காத்திருக்கிறார். தலைமையாசிரியை வற்புறுத்தினார் என்று வாதாடினால் என் வேலை தங்கும் என்பது அவர்கள் யோசனை. தலைமையாசிரியை சொன்னார் என்பது உண்மை, ஆனால் எழுதியது நான். நான் வாதாடினால் அவர் மறுப்பார், பதிவேடு பொய்யா மெய்யா என்பதே ஆண்டுக்கணக்கில் இழுபடும், அதுவரை சலவைக் கூட உரிமையாளர் மேல் அந்தப் பிள்ளையின் வழக்கும் நகராது. ஆகவே பொய்ப் பதிவு செய்ததாக என்மேல் வழக்கு வரும் முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். இதை இன்னும் என் கணவரிடம் சொல்லவில்லை.

(கையொப்பம்)