மணியில் ஒட்டிய இழைகள்

இந்த மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும். இங்கே யாருக்கும் அது தோன்றவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள் சார்.

எங்கள் ஆய்வக வேலையை உங்களுக்கே புரிகிற மாதிரி சொல்கிறேன். ஏரிப் பாசி கக்கும் விஷத்தை நுண்ணிய மணிகளில் ஒட்டவைப்போம். அதன்மேல் கோடிக்கணக்கான டிஎன்ஏ இழைகளை ஊற்றுவோம். விஷத்தைப் பிடித்துக்கொண்ட இழை தங்கும். மற்றதெல்லாம் கழுவலில் போகும். தங்கியதைப் பெருக்கி, மறுபடி ஊற்றி, மறுபடி கழுவுவோம். கடைசியில் தேறும் இழையைக் கொண்டு சோதனைப் பட்டை செய்வோம். தண்ணீரில் விஷம் இருந்தால் பட்டை நீலமாகும்.

கழுவுவது நான். தலைவர் என் அக்கா புருஷன். பேசத் தெரிந்த மனிதர், பேச மட்டும். வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, “இவன்தான் நம்ம வாஷிங் மெஷின்” என்பார். அவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள்.

சில இழைகள் விஷத்தை விட்டுவிட்டு வெறும் மணியிலேயே ஒட்டிக்கொள்ளும். உதவாதவை. விஷமில்லாத மணிகளில் ஊற்றி அவற்றை முதலிலேயே களைய வேண்டும். இந்த முறை நான் களையவில்லை. மறதி இல்லை, சார். பட்டையை விஷக் கரைசலில் நனைத்துச் சரிபார்ப்பதும் என் வேலைதான். வெள்ளையாகவே இருந்தது.

“அருமையா வேலை செய்யுது அத்தான்,” என்றேன். அவர் பட்டையைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. விருந்தினர்களை அழைக்கப் போய்விட்டார்.

பட்டையின் அறிமுக விழாவன்று எல்லார் முன்னாலும் ஏரித் தண்ணீரில் பட்டையை நனைத்தார். வெள்ளை. கைதட்டினார்கள். அதே தண்ணீரைக் காலையில் பெரிய கருவியில் நான் பார்த்திருந்தேன், விஷம் எக்கச்சக்கம். அவர் ஒரு கிளாஸ் குடித்துக் காட்டினார். படுக்கையில் விழுவார், ஊர் சிரிக்கும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

அப்புறம் அக்கா ஒரு கிளாஸை எடுத்தாள். அவளுக்கு ஈரல் பழுது. டாக்டரிடம் கூட்டிப்போவதே நான்தான்.

வாயில் வைக்குமுன் என்னைப் பார்த்தாள். “நீதானேடா கழுவினே? குடிக்கலாம்ல?”

“தாராளமா குடிக்கலாம்க்கா.”

அத்தான் பிழைத்துக்கொண்டார். அந்த மாதிரி ஆட்கள் பிழைத்துக்கொள்வார்கள். அக்கா பிழைக்கவில்லை.

ஏன் தடுக்கவில்லை என்கிறீர்கள். அத்தனை பேர் முன்னால் தடுத்திருந்தால், அத்தானைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல் என்றல்லவா பேசியிருப்பார்கள்? அந்தச் சின்னப் புத்தி எனக்குக் கிடையாது, சார்.