சத்தியத்தை நம்பாத கண்களுக்கு

முத்துக் குளித்த கடற்கரையில் மூடிய சரக்குப் பெட்டகங்களுக்குள் மூழ்கி முத்தெடுத்த பெருமாட்டியே! சாத்தான்குளம் ஈன்ற சந்தேகச் செல்வியே! துறைமுகச் சுங்கத்தின் ஊடுகதிர் (எக்ஸ்ரே) பட ஆய்வுப் பிரிவின் உறங்கா விழியே! இன்று பணி ஓய்வு பெறும் திருமதி ஞானபாய் அம்மையீர்!

தாங்கள் எங்களை ஒருநாளும் நம்பியதில்லை. கொண்டுவந்து கொடுத்த தேநீரையும் மோந்து பார்த்தே குடித்தீர்கள். கணினி பச்சை காட்டிய பெட்டகத்தையும் மறுபடி பார்த்தே அனுப்பினீர்கள். இந்தப் பாராட்டிலும் என்ன உள்நோக்கமோ என்றுதான் இப்போது கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நாங்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். படத்தைத் தலைகீழாகத் திருப்பி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கதவு வரை பின்னால் நடந்து, கண்ணை இடுக்கிப் பார்க்கும் தங்களுக்குப் பார்வை போய்விட்டதென்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள்தாம்.

அந்த மழைக்கால மிளகாய் வற்றல் பெட்டகம் வரும்வரை அப்படித்தான் பேசினோம். மூட்டைகளுக்கு நடுவே ஒரு கருந்திட்டு. கணினி சிவப்புக் காட்டியது. திரையில் மூக்கை ஒட்டிப் பார்த்தோம். பார்க்கப் பார்க்கக் கடத்தல் பொட்டலமாகவே தெரிந்தது. லாரி ஓட்டுநர் பாண்டியராஜனைப் பிடித்து உட்காரவைத்தோம். வழியில் எட்டையபுரத்தில் சாப்பிட நிறுத்தினேன் என்று அவர் உளறியது போதாதா எங்களுக்கு, அங்கேதான் பொட்டலம் ஏறியது என்று முடிவுகட்ட! வேலையும் போய், ஜெயிலுக்கும் போகப்போகிறேன் என்று அவர் புலம்பினார்.

"அம்மா, எம்பிள்ள மேல சத்தியமா நான் ஒண்ணும் வைக்கல" என்றார்.

"சத்தியத்தயெல்லாம் நான் நம்புறதில்ல. கொஞ்சம் பொறும், படத்தப் பாக்குதேன்" என்று தாங்கள் கதவை நோக்கி நடந்தபோது, இருந்த கொஞ்ச நம்பிக்கையும் அவருக்குப் போய்விட்டது.

தூரத்தில் உருவம் மங்கி, மூட்டைகள் அடுக்கிய வரிகள் மட்டும் தங்கள் கண்ணில் நின்றன. வேறு பொருளைச் செருகியிருந்தால் மூட்டை அடுக்கின் வரி அங்கே அறுபட்டிருக்க வேண்டும். திட்டுக்குள்ளும் அதே வரி ஓடுகிறது, ஈரம் ஏறிக் கறுப்புதான் கூடியிருக்கிறது, சரக்கு நனைந்திருக்கிறது என்றீர்கள். திறந்தோம். பெட்டகத்தின் கூரையில் ஓட்டை, மழைநீர் இறங்கிக் கீழே மிளகாய் ஊறிக் கிடந்தது. எங்களுக்கு வெட்கமாக இருந்தது. நாங்கள் ஆளைச் சந்தேகப்பட்டோம். தாங்கள் எங்கள் சந்தேகத்தையே சந்தேகப்பட்டீர்கள்.

அம்மையீர்! நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு தாண்டி வாழ்க! கண் மருத்துவர் தரும் சொட்டுமருந்தையாவது நம்பிப் போட்டுக்கொள்க!

தங்களை வீடு சேர்க்கப் பாண்டியராஜன் லீவு போட்டு வந்து, வாசலில் காரோடு நிற்கிறார். தாங்கள் பார்க்காமல் ஏறமாட்டீர்கள் என்று டிக்கியைத் திறந்தே வைத்திருக்கிறார்.

என்றும் தங்கள் ஐயத்துக்குரிய,
பட ஆய்வுப் பிரிவுப் பணியாளர்கள்,
தூத்துக்குடி.