நனைந்த தினை

நிரோஜா: பெட்டி மூடிய முழுசாத் தொறக்காதீங்க சிவலிங்கண்ணே. பறந்துரும்.

சிவலிங்கம்: பறக்கும்! இந்த லவ் பேர்ட்ஸா? நிக்கவே முடியல இதுக்கு. எப்பருந்து இப்பிடி எறக்கைய உப்பிக்கிட்டுக் குந்திருக்கு?

நிரோஜா: ஞாயித்துக்கெழமையிலேருந்து. மாட்டு டாக்டரு குருவியெல்லாம் பாக்க மாட்டாராம். வித்தவர்கிட்டக் கேளுன்னாரு.

சிவலிங்கம்: பின்பக்கம் பூரா ஒட்டிப் பிடிச்சிருக்கு பாரு. பச்சத் தண்ணியாப் போகுதா?

நிரோஜா: மொதல்ல பச்ச. இப்ப கறுப்பு. தின்ன தினை அப்பிடியே முழுசா வருது.

சிவலிங்கம்: கக்குதா?

நிரோஜா: தலைய ஒதறி ஒதறிக் கக்குது. மூஞ்சியெல்லாம் பிசுபிசுனு...

சிவலிங்கம்: ம்... என்னத்தக் குடுத்த? ஒழுங்காச் சொல்லு. தேயிலத் தோட்டத்து லயத்து ஆளுங்க நீங்க, குருவிக்கும் ரொட்டியும் சம்பலும் போடுவீங்க.

நிரோஜா: ஆமா, நீங்க பங்களாவுல பொறந்தீங்க. எங்க பக்கத்துக் காம்பிராவுலதான வளந்தீங்க?

சிவலிங்கம்: வாய்க்கு மட்டும் கொறச்சலில்ல... சரி சொல்லு.

நிரோஜா: தினை. ஒங்க கடைத் தினை. வேற ஒண்ணுமில்ல.

சிவலிங்கம்: பிளேன்டீயில பிஸ்கட்டத் தோச்சு...

நிரோஜா: இல்லங்கிறேன்ல.

சிவலிங்கம்: கீர? தம்புள்ளையிலேருந்து வர்ற கீரையில மருந்து அடிச்சிருப்பான். கழுவாமப் போட்டிருப்ப.

நிரோஜா: நாங்களே கீர தின்னு எவ்வளவோ நாளாச்சு. மண்ணு சரிஞ்சதுலேருந்து மலையில வேலையே குடுக்கல.

சிவலிங்கம்: தண்ணி? ஊத்துப் பீலித் தண்ணி கலங்கலாத்தான் வருதாம்.

நிரோஜா: கொதிக்க வச்சு ஆத்தித்தான் வச்சேன்.

சிவலிங்கம்: பொறு பொறு... குருவி வாயில என்ன வாட இது? மிளகு வாடயா?

நிரோஜா: அது... துணி வாடயா இருக்கும்.

சிவலிங்கம்: நிரோஜா.

நிரோஜா: கோழிக்கு வயித்தால போனாக் குடுப்பமே... மிளகு தட்டி, சின்ன வெங்காயம் அரச்சு. அந்தச் சாறு ரெண்டு சொட்டு...

சிவலிங்கம்: அடப் பாவி! கட்டவெரல் அளவு சீவனுக்கு வெங்காயமா? இது என்ன சண்டச் சேவலா? அதுதான் கொடல அறுத்திருச்சு. நீயே பண்ணிட்டு இங்க தூக்கிட்டு வந்திருக்க!

நிரோஜா: மிளகு குடுத்தது நேத்து. போக ஆரம்பிச்சது ஞாயித்துக்கெழம.

சிவலிங்கம்: ...குளிருக்கும் போகும்.

நிரோஜா: நம்ம மலையில குளிரு புதுசா?

சிவலிங்கம்: சரி, மொதல்ல உக்காரு. ஒனக்கு வேர்த்துக் கொட்டுது. டீ சொல்றேன்.

நிரோஜா: வேணாம். இருக்க நேரமில்ல.

சிவலிங்கம்: ஒரு குருவிக்கு இவ்வளவு பதட்டமா? மக அழுவுறாளாக்கும். இந்தா, நீலத்துல ஒண்ணு தாறேன், கொண்டு போயிக் கூட்டுல விடு. அவளுக்கு எங்க தெரியப் போகுது...

நிரோஜா: வேற வேணாம். இது எதனால இப்பிடி ஆச்சுனு எனக்குத் தெரியணும்.

சிவலிங்கம்: நான் என்ன டாக்டரா?

நிரோஜா: இந்தாங்க, அந்தத் தினை. முந்தானையில முடிஞ்சு கொண்டாந்தேன். மோந்து பாருங்க.

சிவலிங்கம்: தினை தினை வாடதான் அடிக்கும். இதுல மோந்து பாக்க என்ன இருக்கு?

நிரோஜா: அப்ப ஒரு பிடி வாயில போடுங்க.

சிவலிங்கம்: என்ன பேச்சு பேசுற நீ?

நிரோஜா: போடுங்கண்ணே.

சிவலிங்கம்: சத்தம் போடாத. ஆளுங்க வர்ற நேரம்.

நிரோஜா: கசக்குது. காலையில நான் மென்னு பாத்தேன். ஈரச் சாக்கு நாத்தம்.

சிவலிங்கம்: அந்த முடிச்சக் கட்டு. யாராச்சும் பாத்துருவாங்க.

நிரோஜா: அண்ணே... அது தலையத் தொங்கப் போட்டிருச்சு.

சிவலிங்கம்: இங்க குடு... ம்ஹும்.

நிரோஜா: போயிருச்சா?

சிவலிங்கம்: போயிருச்சு.

நிரோஜா: இப்பவாச்சும் சொல்லுங்க.

சிவலிங்கம்: என்னத்தச் சொல்ல... வெள்ளத்தன்னைக்குக் கடைக்குள்ள இடுப்பளவு தண்ணி. அடிச் சாக்கெல்லாம் ஊறிப்போச்சு. படங்குச் சீலைய விரிச்சுக் காயப் போட்டேன். பூஞ்சணம் பிடிச்சுக் கட்டி கட்டியா நின்னுச்சு... உதுத்து, அரிச்சு, நல்லதோட கலந்துட்டேன். குருவிதானேனு நெனச்சேன். வேற யாருகிட்டயும் சொல்லிராத.

நிரோஜா: பூஞ்சணம்னா... என்ன செய்யும்?

சிவலிங்கம்: ஈரலப் பிடிக்கும்னு சொல்லுவாங்க. வீட்டுல மிச்சம் இருந்தாக் கொட்டிரு. கோழிக்கும் போட்டுறாத.

நிரோஜா: கழுவி வேக வச்சாப் போயிராதா?

சிவலிங்கம்: வேக வச்சாலும் போகாது அந்த நஞ்சு. குருவிக்கு எவடி தினைய வேக வப்பா?

நிரோஜா: குருவிக்கு வைக்கலண்ணே. அரிசி இல்லாம அதுல கஞ்சி காச்சி மகளுக்குக் குடுத்தேன். அவளும் கக்கிக்கிட்டே, வெளிய ஆட்டோவுக்குள்ள அவ அப்பன் மடியில கெடக்குறா... பிள்ளைக்குனு சொல்லியிருந்தா நீங்க வாயத் தொறந்திருக்க மாட்டீங்க. வாங்க, ஏறுங்க. எங்கிட்டச் சொன்னத ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்டயும் அப்பிடியே சொல்லுங்க.