ஸ்மார்ட் போர்டுக்குப் போட்ட மாலை

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர், எங்கள் பாடசாலை அதிபர் அம்மையார் அவர்களே! கை வலிக்க வலிக்கப் பரிசளித்துவிட்டுக் களைப்பைக் காட்டாமல் புன்னகைக்கும் பிரதம விருந்தினர் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடு வீற்றிருக்கும் மூத்த பெரியோர்களே! கொட்டாஞ்சேனையில் இருந்தும் கிராண்ட்பாஸில் இருந்தும் இரண்டு பஸ் மாறி, பிள்ளையின் வெள்ளைச் சீருடையில் ஒரு கசங்கல் விழாமல் இந்த வெள்ளவத்தை மண்டபத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த என் தாய்மார்களே! தட்டித் தட்டிக் கை சிவந்த மாணவச் செல்வங்களே! பின்னால் கதவடியில் நின்றபடி, "இந்த மனுசன் மைக்கைப் பிடிச்சா விடமாட்டானே" என்று முணுமுணுக்கும் என் அருமை நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் பெற்றோர் சங்கச் செயலாளர் சத்தியநாராயணனின் பணிவான வணக்கம்!

நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு எதிரே 'நன்றியுரை' என்று அச்சடித்திருக்கிறார்கள். சொல்லுவேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையின் முடிவில் ஒருவரிடம் நான் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஒருவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். அவர் 'ஓம்' என்றால் எங்கள் பாடசாலையில் உயர்தரப் பௌதிகவியல் வகுப்பு உண்டு. 'இல்லை' என்றால் இல்லை. இன்று மாலை ஐந்து மணிக்கு வகுப்பில் சேரும் பிள்ளைகளின் பட்டியல் கல்வி வலயத்துக்குப் போகிறது. அதனால்தான் அம்மையாரிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்த மைக்கை வாங்கினேன்.

எங்களிடம் என்ன இல்லை? கணிதத்துக்கு ஆசிரியர் இருக்கிறார். இரசாயனவியலுக்கு இருக்கிறார். பௌதிகவியலுக்கு இரண்டு வருடமாக ஆளில்லை. இந்த நிலையில்தான் யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் சிவபாதசுந்தரம் சேர், "நான் இங்கயிருந்தே திரையில படிப்பிக்கிறன், பிள்ளையளைக் கூப்பிடுங்கோ" என்றார். அதற்கு ஸ்மார்ட் போர்ட் ஒன்று வேண்டும். பிள்ளை இங்கே விரலால் எழுத, சேர் அங்கே பார்த்துத் திருத்த வேண்டும். சும்மா பார்ப்பதற்கு என்றால் டிவி போதுமே! அந்த போர்டை வாங்கிக் கொடுத்தது யார்?

கைதட்ட வேண்டாம். வேண்டாம் என்றால் கேளுங்கள்! ஓம், நான்தான். கொடுத்தவனும் நான்தான், கெடுத்தவனும் நான்தான்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இருபத்தாறு வருடமாக வயர் விற்கிறேன், ஸ்விட்ச் விற்கிறேன், பல்ப் விற்கிறேன். ரிமோட் எனக்குப் புதுசா? போர்ட் வந்து இறங்கிய அன்றைக்கே, பக்கம் மாற்றுகிற அந்தச் சின்ன ரிமோட்டைக் கையில் எடுத்தேன். டிவிக்கு நீட்டுகிற மாதிரி போர்டுக்கு நீட்டினேன். அமுக்கினேன். அசையவில்லை. இன்னும் கிட்டப் போய் அமுக்கினேன். பெட்டரி மாற்றி அமுக்கினேன். போர்டின் மூக்குக்கு முன்னால் நின்று அமுக்கினேன்! எங்கள் தகவல் தொழில்நுட்ப ஆசிரியை செலீன் மிஸ் மெதுவாகச் சொன்னார், "சேர், போர்டுக்கு நீட்டத் தேவையில்ல. ஒரு சின்னத் துண்டு இருக்கும், அதைக் கம்ப்யூட்டர்ல குத்தணும். ரிமோட் அதோடதான் கதைக்கும்."

எங்கே அந்தத் துண்டு? பெட்டியில் இல்லை! உடனே போன் எடுத்தேன். விற்றவனைப் பிடித்து ஏசினேன், ஏசினேன், அப்படி ஏசினேன். அவன் பாவம், மன்னிப்பும் கேட்டுவிட்டான். அதற்குள் செலீன் மிஸ் ரிமோட்டைத் திருப்பி, முதுகு மூடியைத் திறந்தார். துண்டு அதன் வயிற்றுக்குள்ளேயே படுத்திருக்கிறது.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "இந்தத் துண்டுக்கும் ரிமோட்டுக்கும் இடையில் என்ன போகிறது மிஸ்? கண்ணுக்குத் தெரியாத எது போகிறது?" என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. "சரி சரி, வேலை செஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் வலயக் கல்விப் பணிமனையில் இருந்து சாமினி மேடம் பார்வையிட வந்தார். போர்ட் ஒழுங்காக வேலை செய்தால்தான் வகுப்புக்கு அனுமதி. முதல் நாள் ஒத்திகை பார்த்தோம், எல்லாம் தங்கமாக நடந்தது. பிள்ளைகள் தொட்டார்கள், எழுதினார்கள், சேர் திருத்தினார். ஆனால் நான் யார்? நல்ல காரியம் ஒன்றை வெறுமனே தொடங்க விடுவேனா? விடியற்காலையே போனேன். தேங்காய் உடைத்தேன். போர்டின் மேல்மூலை இரண்டையும் பிடித்து, செவ்வந்தியும் மல்லிகையும் சேர்த்துக் கட்டிய ஒரு பெரிய மாலையைத் தொங்கவிட்டேன். கண்ணாடியில் சந்தனத்தைக் கட்டியாகக் குழைத்து ஒரு பொட்டு வைத்து, அதற்கு மேலே குங்குமமும் வைத்தேன். ஏன், நீங்கள் வைக்கமாட்டீர்களா? புது வேன் வாங்கினால் வைக்கிறோம், புது மிக்ஸி வாங்கினால் வைக்கிறோம். தலையாட்டுகிறீர்கள் அம்மா, உங்கள் வீட்டுப் பிரிட்ஜிலும் இருக்கும்!

மேடம் வந்தார், கதிரையில் அமர்ந்தார். பிள்ளைகள் பதினைந்து பேர் சுற்றிவர இருந்தார்கள். திரையில் சிவபாதசுந்தரம் சேரின் முகம் வந்தது. "வணக்கம் பிள்ளையள்" என்றார். என்றதுதான் தாமதம், அவர் நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. யாரும் தொடவில்லை! கன்னத்தில் ஒரு வட்டம். மூக்குக்குக் கீழே மீசை! சேர் அங்கேயிருந்து கத்துகிறார், "ஆர் அது என்ர முகத்தில கீறுறது? குழப்படி விடாதேங்கோ!"

செலீன் மிஸ் ரிமோட்டை எடுத்து அடுத்த பக்கத்துக்குப் போனார். போர்ட் தானாகவே திரும்பி முதல் பக்கத்துக்கு வந்தது. மிஸ் மறுபடி முன்னே போனார், போர்ட் மறுபடி பின்னே வந்தது. ரிமோட் 'போ' என்கிறது, போர்ட் 'மாட்டேன்' என்கிறது! என்ன நினைத்தேன் தெரியுமா? கண்ணூறு! ஒரே ஓட்டமாக வாசலுக்கு ஓடினேன். என் கடை வேனுக்கு முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கழற்றிக்கொண்டு வந்தேன். மேடத்தின் கண்ணுக்கு முன்னாலேயே போர்டின் மூலையில் கட்டினேன். கட்டியதும் என்ன நடந்தது? முன்பு ஒரு கோடு, இப்போது மூன்று கோடு!

சாமினி மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மேக்க ஹெமதாம மெஹெமத?" என்று சிங்களத்தில் கேட்டார். இது எப்பவும் இப்படித்தானா என்று. "நே மேடம், நே நே", இல்லவே இல்லை என்று நான் கும்பிடாத குறை.

அப்போது ஒரு பிள்ளை எழுந்தது. நிஷாந்தி. சற்றுமுன் இந்த மேடையில் விஞ்ஞானத்துக்கு முதற்பரிசு வாங்கிய அதே நிஷாந்தி. கிராண்ட்பாஸ் பிள்ளை. அப்பா புஷ்பராஜ் கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர், இன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு அந்த மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அந்தப் பிள்ளை எழுந்து சொன்னது இதுதான். "அங்கிள், ஃபேன் காத்து வர்றப்பதான் கோடு விழுது. மாலை ஆடுது, கோடும் ஆடுது. மாலைய எடுத்துட்டு ஒருக்கா பார்ப்போமா?"

ஊரே பதறி நிற்கும்போது, ஒரு பிள்ளை மட்டும் உட்கார்ந்து உற்றுப் பார்த்திருக்கிறது. எது அசைகிறது, எப்போது அசைகிறது, எதோடு சேர்ந்து அசைகிறது என்று பார்த்திருக்கிறது. அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'சபாஷ் மகள்' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னதை இந்த மைக்கில் அப்படியே சொல்லுகிறேன். "இது உங்கப்பா வாங்கித் தந்த போர்டா? உக்காரு புள்ள!"

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்கும் சிரிக்கவில்லை. பிள்ளை உட்கார்ந்தது.

எனக்கு விளங்காதது மேடத்துக்கு விளங்கிவிட்டது. அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எழுந்தார். நேரே ஸ்விட்ச் அடிக்குப் போனார். ஃபேனை நிறுத்தினார், கோடு நின்றது. போட்டார், கோடு விழுந்தது. மறுபடி நிறுத்தினார், நின்றது. மூன்று தரம் பார்த்துவிட்டு, "ஐயா, மாலையை எடுப்போமா?" என்று கேட்டார். கட்டிய கையாலேயே கழற்றினேன். எலுமிச்சம்பழத்தையும் கழற்றினேன். ஒரு புள்ளி மட்டும் போகாமல் நின்றது. அது என் சந்தனப் பொட்டு! தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் துடைத்தேன். போர்ட் அமைதியானது.

செலீன் மிஸ் பிறகு விளக்கினார். அந்தச் சட்டத்தைச் சுற்றி, இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடிக்கொண்டே இருக்கிறதாம். அதை எது மறித்தாலும் அதற்கு விரல்தானாம். மல்லிகைப்பூ மறித்தாலும் விரல், மிளகாய் மறித்தாலும் விரல்! ஆக அந்த போர்டில் ஒரு பிழையும் இல்லை. நான் தொங்கவிட்ட நூறு விரலுக்கும் அது நேர்மையாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

"அந்தப் பிள்ளை வந்து எழுதட்டும்" என்றார் மேடம். திரும்பிப் பார்த்தோம். நிஷாந்தியின் கதிரை காலியாக இருந்தது. வேறொரு பிள்ளை எழுதியது, சேர் திருத்தினார், எல்லாம் நடந்தது. அனுமதிக் கடிதமும் வந்தது. அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. குறைந்தது பதினைந்து பிள்ளைகள் வேண்டும். எங்களிடம் பதினான்கு பேர் இருக்கிறார்கள். பதினைந்தாவது பிள்ளை மறுநாளே வர்த்தகப் பிரிவுக்குப் பெயர் கொடுத்துவிட்டது. வர்த்தகம் குறைந்ததா? நான் வியாபாரி, நான் அப்படிச் சொல்வேனா! ஆனால் செலீன் மிஸ் கேட்டபோது அந்தப் பிள்ளை சொன்னதாம், "எனக்கு பிசிக்ஸ்தான் மிஸ் ஆசை. ஆனா அந்த போர்ட தொடப் பயமா இருக்கு."

அந்தச் சொல் கேட்ட நாளில் இருந்து எனக்கு நித்திரை சரியில்லை. கிராண்ட்பாஸுக்கு இரண்டு தரம் போனேன். அவர்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். வெட்கம் ஒரு காரணம். இன்னொன்றும் யோசித்தேன். பலர் பார்க்க ஒரு பிள்ளையைக் குத்திவிட்டு, வீட்டுக்குள் போய்க் காதோடு மன்னிப்புக் கேட்டால் அது மன்னிப்பா? ஆகவே பலர் பார்க்கவே கேட்கிறேன். நிஷாந்தி, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். புஷ்பராஜ் அண்ணே, உங்களை இழுத்து நான் பேசிய பேச்சு அசிங்கமான பேச்சு. போர்ட் என் வீட்டில் இருந்து வந்தது. கேள்வி உங்கள் வீட்டில் இருந்து வந்தது. என் கடையில் அந்தக் கேள்வி இல்லை ஐயா, முதலாம் குறுக்குத் தெரு முழுக்கத் தேடினாலும் இல்லை!

பெரியோர்களே, தாய்மார்களே! வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயில் கண்ணுக்குத் தெரியுமுன்னே தண்டவாளம் சத்தம் போடுகிறதே, ஏன்? கொலன்னாவையில் புஷ்பராஜ் அண்ணன் தாங்கிக்குக் கறுப்புப் பூசாமல் வெள்ளை பூசுகிறாரே, ஏன்? நான் கிட்ட வந்தால் இந்த மைக் 'கீ' என்று கத்துகிறதே, ஏன்? நாம் கேட்காமலே வயதாகிவிட்டோம். 'வேலை செஞ்சா போதும்' என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது. கேட்கிற பிள்ளை ஒன்று எழுந்தால், எழவிடுங்கள்! கேட்கிற பிள்ளை ஒன்று நின்றால், நிற்கவிடுங்கள்! பதில் தெரியாவிட்டால் 'தெரியாது' என்று சொல்லுங்கள், உக்காரு என்று மட்டும் சொல்லாதீர்கள்!

மகள், ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் வராவிட்டாலும் இந்த மன்னிப்பு மன்னிப்புத்தான். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று பயந்து 'ஓம்' சொல்லவும் வேண்டாம். ஆனால் வந்தால், வகுப்பு தொடங்கும் நாளில் அந்த போர்டை முதலில் தொடுகிற விரல் உங்கள் விரல்.

யார் எழும்புவது? நிஷாந்தியா? சத்தம், சத்தம், கொஞ்சம் பேசாமல் இருங்கள். அந்த மைக்கைக் கொடுங்கள் பிள்ளைக்கு. என்ன மகள்?... கேட்டீர்களா சபையோரே, கேட்டீர்களா? மன்னிப்புக் கேட்டவனிடம் பிள்ளை திருப்பிக் கேள்வி கேட்கிறது! "ரெண்டு பேரு ஒரே நேரத்துல தொட்டா, எது யாரோட விரல்னு போர்டுக்கு எப்படி அங்கிள் தெரியும்?"

தெரியாது மகள். சத்தியமாக எனக்குத் தெரியாது. சிவபாதசுந்தரம் சேருக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் திரையில் வருவார், நீங்களே கேட்கிறீர்களா?... சத்தமாகச் சொல்லுங்கள், மண்டபத்துக்குக் கேட்கவில்லை... ஓம்! ஓம் என்கிறது பிள்ளை! அப்பாவும் தலையாட்டுகிறார்! செலீன் மிஸ், பட்டியலை எடுங்கள், பேனையை எடுங்கள்!

தலைவருக்கும் விருந்தினருக்கும் வந்திருந்த எல்லோருக்கும் வரிசையாக நன்றி சொல்லத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன், மன்னியுங்கள். உங்கள் எல்லோருக்கும் நன்றி, அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் நன்றி. வணக்கம்.