பார்சல் கட்டும் மேசை

— “சம்பளம் தாறதில்லையெண்டா ஏன் அன்ரி ஏச்சு வாங்குறீங்க?” எண்டு போன கிழமை ஒரு சின்னப் பிள்ளை நம்மட ஸீனத் ராத்தாக்கிட்டக் கேட்டிச்சே, ஐறீன் அக்கா. அதுக்கு ஒரு பதிலைச் சொல்லிட்டு இந்தச் சாவியைப் பிடிங்க.

— கடைச் சாவியை ஏன் பஸ்லா என்ர கையில திணிக்கிறீர்?

— நானும் போறேன். நம்மளோட தொண்டுக்கு நிக்கிற ரூபிகாவும் வரமாட்டாளாம், நுஸ்கியும் வரமாட்டானாம். குரூப்ல போட்டிருக்கிறாங்க, பாக்கலியா?

— ஆண்டவரே! நாளைக்கு நத்தார் விற்பனை, கிறிஸ்மஸ் சனம் முழுக்க வரும். அந்தக் காசிலதானே மேல வார்ட்டில இருக்கிற பிள்ளைகளுக்குப் பால்மா வாங்குறது. நான் தனிய நிண்டு என்னெண்டு விக்கிறது?

— உங்களுக்கு நீங்களே ஏசிக்கிட்டு வித்துக்கங்க.

— பகிடி விடாதையும். நான் என்ன பிழை சொன்னனான்? ஆஸ்பத்திரிக்குக் கீழ இருக்கிற சின்னப் பரிசுக் கடை. சனம் வரிசையில நிக்குது. ஸீனத் அக்கா என்னடா எண்டா ஒரு சோப்புப் பெட்டிக்கு ரிபனைக் கட்டுறா, அவிழ்க்கிறா, திரும்பக் கட்டுறா. ஏன் எண்டு கேட்டனான். அவ்வளவுதான்.

— கேட்டீங்களா? “ஏலாட்டி வீட்டில இருங்க” எண்டீங்க. கடை நிறைய ஆக்கள் பாக்க. அவங்க ரிபன் துண்டையெல்லாம் பொறுக்கி டப்பாவில போட்டுட்டு, எனக்கு ஸலாம் சொல்லிட்டுப் போனாங்க. கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு நோவாது.

— அண்டைக்கு நான் காலமையில இருந்து சாப்பிடேல்லை, பஸ்லா.

— அப்ப ஒரு பற்றிஸ் சாப்பிடுறதுதானே. ஆக்களையா சாப்பிடுறது?

— சரி, என்ர வாய் நீளம்தான். ரொனியும் கலியாணம் கட்டின நாளில இருந்து அதைத்தான் சொல்லுறார். ஆனா அவ ஏன் அப்பிடி இழுக்கிறா? சில ஆக்களுக்குச் சட்டெண்டு கட்டிக் குடுக்கிறா. சிலருக்கு விடியுமட்டும். அதுதான் எனக்கு விளங்கேல்லை.

— யாருக்கு இழுக்கிறாங்க எண்டு பாத்தீங்களா? மேல ஒபரேஷன் தியேட்டருக்குள்ள ஆளைக் குடுத்திட்டு, அங்க நிக்க மனசு இல்லாமக் கீழ இறங்கி வாறாங்களே, அவங்களுக்கு. கண்ணில பட்ட எதையாவது வாங்குவாங்க. ராத்தா அவங்களை அந்த நீல ஸ்டூல்ல இருத்திட்டு, மெல்ல மெல்லப் பேப்பரை வெட்டுவாங்க. கட்டி முடிச்சா அந்தப் பாவங்கள் எழும்பித் திரும்ப அங்க போகணுமே.

— நீல ஸ்டூலா?

— ஓம். இடத்தை அடைக்குது எண்டு நீங்க ஸ்டோருக்குள்ள தூக்கிப் போட்டீங்களே, அதேதான்.

— பஸ்லா, கொரோனா நேரமும் ஸீனத் அக்கா இஞ்ச வந்தவவா?

— விடவே இல்ல. மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு மருதானையில இருந்து நடந்தே வந்தாங்க. என்ன அக்கா, மொகம் ஒரு மாதிரிப் போகுது?

— ரொனிக்கு நெஞ்சு ஒபரேஷன் நடந்தது அப்பதான். மேல நிக்க ஏலாமல் நான் இந்தக் கடைக்குள்ள வந்தனான். ஒரு கப் வாங்கினனான். மாஸ்க் போட்ட மனிசி ஒண்டு அதைச் சுத்துறா, சுத்துறா, முடியிற பாடில்லை. பேப்பரைப் பிழையா வெட்டுறா, திரும்ப வெட்டுறா. எனக்கு அண்டைக்கும் கோவம்தான் வந்தது!

— வராட்டித்தானே அதிசயம்.

— கேளும். மேல இருந்து போன் வந்தது, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது எண்டு. போனை வைக்க முதல் அவ கப்பைக் கட்டி என்ர கையில தந்திட்டா. ஒரே நிமிசம்! அந்த மனிசியைத் தேடித்தானே நான் இந்தக் கடையில வந்து சேர்ந்தனான். ஸீனத் அக்காட்டையும் விசாரிச்சனான். “அந்த நேரம் எத்தினையோ பேர் வந்து போனாங்க, மகள்” எண்டு சொல்லிட்டா. மாதாவே, தேடி வந்த ஆளையே விரட்டிப் போட்டன்!

— அழுறதெண்டா அங்கால தள்ளி நிண்டு அழுங்க அக்கா. நத்தார் கார்ட்டில எல்லாம் விழுது. பிறகு விக்க ஏலாது.

— மருதானையில எந்த ஒழுங்கை? இப்பவே போறன்.

— மருதானைக்கு ஏன்? ராத்தா மேலதான் நிக்கிறாங்க. மகள் ஷஸ்னாவுக்குப் பிள்ளை கிடைக்க ஒபரேஷனாம். மருமகன் கட்டாரில. உங்கட கண்ணில படக் கூடாதெண்டு பின்பக்கப் படியால ஏறிப் போனாங்க.

— தனியவா?

— தனியத்தான். சாவியைத் தந்திட்டு நான் போய்ப் பக்கத்தில நிப்பம் எண்டுதான் வந்தேன்.

— பஸ்லா, ஒரு உதவி. மேல போய், கடையில ஐறீனுக்கு அவசரமா நீங்க வேணுமாம் எண்டு சொல்லும். சொல்லிட்டு நீர் கன்ரீன்ல போய் இரும். இஞ்ச வரக்கூடாது.

— ஏன், நான் பாக்கக் கூடாதா?

— கூடாது. நீர் குரூப்பில போட்டிடுவீர். சாவியையும் கொண்டு போம். நாளைக்குக் காலமை நீர்தானே திறக்கிறது?

— பாப்பம்... சரி சரி, திறக்கிறேன்!

* * *

— கூப்பிட்டீங்களாம், ஐறீன் மகள். என்ன அவசரம்? நான் மேல போகணும்.

— முதல்ல இந்த ஸ்டூல்ல இருங்க, ஸீனத் அக்கா. தூசி துடைச்சு வைச்சிருக்கிறன். போனை மடியில வைச்சுக்கொள்ளுங்க. அண்டைக்கு நான் கதைச்சது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்க.

— அதை நான் படி இறங்க முதலே மறந்துட்டேன். என்ன உதவி வேணும்?

— இந்தக் கிலுகிலுப்பையைப் பார்சல் கட்ட வேணும். எனக்குச் சரிவருகுதில்லை. பக்கத்தில இருந்து சொல்லித் தாங்க.

— பேப்பரைக் கோணலா வெட்டிட்டீங்களே.

— திரும்ப வெட்டுறன்.

— இதுவும் கோணல், மகள்.

— இன்னொருக்கா வெட்டினாப் போச்சு. ரிபன் என்ன கலர் போடுவம்? மஞ்சளோ, பச்சையோ?

— மஞ்சள். இல்ல, பச்சை... யா அல்லாஹ், ஏன் இன்னும் கூப்பிடுறாங்க இல்ல?

— கூப்பிடுவினம், அக்கா. பச்சையைக் கட்டிப் பாப்பம். வடிவில்லையெண்டா அவிழ்ப்பம்.

— மகள், அந்தக் கப் இன்னும் உடையாம இருக்கா?

— எந்தக் கப்?

— மீன் படம் போட்டது. அழுது அழுது உங்கட மாஸ்க் நனைஞ்சு போய், நான் புதுசு ஒண்டு தந்தேனே.

— அக்கா! அப்ப நான் இஞ்ச வந்து சேர்ந்த அண்டைக்கே உங்களுக்கு என்னைத் தெரியுமா?

— கொரல் மறக்குமா? அண்டைக்கும் நல்லா ஏசினீங்களே.

— பிறகு ஏன் ஒரு வார்த்தை சொல்லேல்லை? நான் ஏசேக்கையாவது சொல்லியிருக்கலாமே!

— சொன்னா அது உங்களுக்குக் கடனாப் போயிடும். சும்மா குடுத்தது சும்மாவே இருக்கட்டும் எண்டு விட்டுட்டேன்.

— ரொனி இண்டைக்குக் காலமையும் அதிலதான் தேத்தண்ணி குடிச்சவர்... அக்கா, போன் அடிக்குது. எடுங்க.

— எடுக்கப் பயமா இருக்கு, மகள்.

— நான் இஞ்சதான் நிக்கிறன். எடுங்க.

— ஹலோ... ஓ, உம்மாதான்... அல்ஹம்துலில்லாஹ்! அல்ஹம்துலில்லாஹ்! பொம்பளப் புள்ளயாம் மகள், ரெண்டு பேரும் சுகமாம்!

— இந்தாங்க, அக்கா. கட்டி முடிஞ்சுது. ஓடுங்க மேல.