கொதிவயலுக்கு முதல் வண்டி

ஒருநாள் சுற்றுப்பயணம் போடுவது கல்யாணப் பந்தி மாதிரி, ஐயா. எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிவப்பு ஏரிக்கு வெயில் ஏறிய பிறகு போக வேண்டும். அதற்கு முன் போனால் ஏதோ சாக்கடையைக் காட்டிய மாதிரி முகத்தைச் சுளிப்பார்கள். கந்தகம் படிந்த மஞ்சள் மலைக்குச் சாப்பிட்ட கையோடு கூட்டிப் போகக் கூடாது. வெந்நீர்க் குளத்தை மதியத்துக்கு வைத்தால் சிடுமூஞ்சிகள்கூட வாழ்த்திவிட்டுப் போவார்கள். லீப்பெஸ் மேட்டுநிலத்தில் இன்று ஓடுகிற ஜீப்புகள் எல்லாம் நான் போட்ட வரிசையில்தான் ஓடுகின்றன. அதை யாரும் சொல்வதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை.

ஆகவே ருஃபினோ என் வழியைத் திருடினான், அந்த வயிற்றெரிச்சலில் செய்தேன் என்று என் வாக்குமூலத்தில் எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். அவன் என் மனைவி கசில்டாவின் தம்பி. அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். வழியையும் நானாகத்தான் கொடுத்தேன்.

கணவாயில் இருக்கும் கற்குவியல் உங்களுக்குத் தெரியும். நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர், கடக்கும்போது ஒரு கல்லாவது வைத்திருப்பீர்கள். அந்த இடத்தில்தான் என் மகள் டெல்ஃபினா இறந்தாள். கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் வண்டி பனியில் சிக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இறங்கி, ஒரு கல் வைத்து, மண்ணுக்குக் கொஞ்சம் சாராயம் ஊற்றிவிட்டு வருவேன். பயணிகள் கேட்டால் வழக்கம் என்று மட்டும் சொல்வேன். ருஃபினோவிடம் மட்டும், அவன் தொழில் பழகிய காலத்தில், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தண்ணீர் கேட்டதை, கையுறையில் பனியை உருக்கிக் கொடுத்ததை.

போன குளிர்காலத்தில் நான் கணவாய்க்குப் போனபோது குவியலுக்கு அந்தப் பக்கம் அவன் வண்டி நின்றது. குரல் கேட்டது.

“எம் பொண்ணு இங்கதாங்க செத்தா. தண்ணி கேட்டா. என் கையுறையிலதான் பனிய உருக்கிக் குடுத்தேன்.”

பயணிகள் மூக்கைச் சிந்தினார்கள். ஒருத்தி அவனைக் கட்டிக்கொண்டாள். அவனுடைய மகள் யோவானா, சமையலுக்கு அவனோடு வருகிறவள், தலையைக் குனிந்துகொண்டு பக்கத்திலேயே நின்றாள். இந்தப் பெண் யார் என்று யாரோ கேட்டார்கள்.

“இவளா, எங்க அக்கா பொண்ணு” என்றான், வாய் கூசாமல்.

அவனுடைய அக்காவுக்கு ஒரே ஒரு பெண்தான் இருந்தாள், ஐயா. அவள்தான் அந்தக் கல்லுக்கு அடியில் நான் விட்டுவிட்டு வந்தவள். அவனுடைய வாயில் என் மகள் அவன் மகளாகச் செத்தாள், அவனுடைய மகள் என் மகளாக உயிரோடு இருந்தாள்.

அன்று சாயங்காலம் அவனிடம் போய்க் கேட்டேன். சிரித்தான்.

“விடுங்க மச்சான். சும்மா கிடக்கற கதைதானே? நாலு பேரு கேட்டு அழுதா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு? நீங்கதான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்கறீங்க.”

வாசல் வரை யோவானா பின்னாலேயே வந்தாள். “மாமா, அப்பாவ மனசுல வச்சுக்காதீங்க. அங்க போறப்பல்லாம் டெல்ஃபினா அக்காவுக்கு நான் ஒரு கல்லு வச்சுட்டுத்தான் வர்றேன்” என்றாள். நல்ல பெண். அதை நான் மறுக்கவே இல்லை.

கோபம் வரவில்லை என்றால் பொய். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சோறு இறங்கவில்லை, கசில்டா பேசினாலும் எரிந்து விழுந்தேன். அவனைப் பார்க்கும் போதெல்லாம் அந்தக் கையுறை வார்த்தையைத் தொண்டையோடு பிடுங்கி எடுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் ஆத்திரத்தோடு போடுகிற திட்டம் உருப்படாது. அதனால் பனி உருகும் வரை பொறுத்தேன்.

பனி உருகினால் கொதிவயலில் தரை மாறிவிடும். போன வருடம் நடந்த இடம் இந்த வருடம் வெறும் அப்பளம், அடியில் சேறு கொதித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வருடமும் நான்தான் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்து, ஆளைத் தாங்கும் தரையில் கல் மேல் கல்லாக அடுக்கி வழி காட்டுவேன். அரசு அலுவலகம் நட்ட எச்சரிக்கைப் பலகையை எங்கள் ஆட்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கல் மேல் கல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கால் வைப்பார்கள். இங்கே கல் அடுக்குவது கும்பிடுவதற்குச் சமம். அதில் ஒருவன் பொய் சொல்வான் என்று யாருக்கும் தோன்றாது.

இந்த வருடமும் தட்டிப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் பார்த்தேன். பிறகு ருஃபினோவிடம் போனேன்.

“நாளைக்கு எல்லாரும் போற மாதிரி போகாத. முதல்ல கொதிவயலுக்குப் போ. வேற வண்டி இருக்காது, ஆவி தரையோட கிடக்கும், பாக்கவே அவ்வளவு அழகா இருக்கும். பெரிய ஊத்துக்குப் புதுசா வழி அடுக்கியிருக்கேன்.”

“அப்ப கோவம் போயிருச்சா மச்சான்?” என்று முதுகில் தட்டினான்.

இனி உங்கள் தாளில் இருக்கும் பிழைக்கு வருகிறேன். ருஃபினோவைக் கொல்லக் கற்களை மாற்றினேன், பாவம் யோவானா நடுவில் வந்து மாட்டிக்கொண்டு சேற்றில் விழுந்து செத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கசில்டாவும் அப்படித்தான் நம்பி அழுகிறாள். அதைத் திருத்தத்தான் வாயைத் திறந்தேன்.

கொதிவயலில் காலைச் சாப்பாடு எப்படி என்று உங்களுக்குத் தெரியாதா? வெயில் வரும் வரை ஓட்டுநர் பயணிகளோடு வண்டிக்குள் இருப்பான். சமையல்காரப் பெண்தான் முட்டைப் பையை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கி, கற்களைப் பார்த்து நடந்து, ஊற்றில் வேகவைக்கப் போவாள். ருஃபினோ ஒருநாளும் முதலில் இறங்கியதில்லை. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான்.

யோவானாவின் அடக்கத்தன்று அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினான். “மச்சான், உங்க வலி எனக்கு இப்பத்தான் தெரியுது” என்றான். எனக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான். நான் போய்க் கேட்ட அந்தச் சாயங்காலமே சிரிக்காமல் இதைச் சொல்லியிருந்தால், அவனுக்கு வேறு வழி போட்டுக் கொடுத்திருப்பேன்.

இங்கே வரும் வழியில் உங்கள் ஆட்கள் கணவாயில் வண்டியை நிறுத்தினார்கள், நல்லவர்கள். டெல்ஃபினாவின் கல் மேல் யோவானாவுக்கும் ஒன்று வைத்தேன். ஆடாமல் நின்றது. இனி ருஃபினோ அங்கே நின்று எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். அது இப்போது அவனுடைய சொந்தக் கதை. பொய் பேசியவன் அவன்தான், ஐயா. நான் அடுக்கிய கல் பொய் சொல்லாது என்று இந்த மேட்டுநிலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.