காத்து எண்டு எழுதும் தம்பி

...காத்து எண்டு எழுதும் தம்பி. காய்க்குலை காத்தில கார் மேல விழுந்ததெண்டால் உங்கட இன்சூரன்ஸ் கொம்பனி தரும்தானே? புங்குடுதீவில காத்துக்கென்ன பஞ்சம். அந்தக் கதிரையில இல்லை, அதின்ர கால் ஆடும், இதில இரும். தேத்தண்ணியைக் குடியும். மோட்டச்சைக்கிளை உள்ளுக்கை விட்டது நல்லது. இந்த ஒடுங்கின ஒழுங்கையில ஒரு வாகனமும் நிக்கேலாது. எங்கட ஒழுங்கைச் சங்கத்தின்ர சட்டம். மூலையில போர்டு பாக்கேல்லையே? தலைவி நான்தான்.

கார் என்ரை இல்லை. கனடாவில இருக்கிற தங்கச்சி வினோஜான்ர. நயினாதீவுத் தேருக்கு வாற கிழமை வாறாள். சின்னனில அவளின்ர பொம்மைக்குக் கையை முறிச்சனானாம், இண்டைக்கும் போனில சொல்லிக் காட்டுறவள். உடைஞ்ச இந்தக் கார்க் கண்ணாடியைக் கண்டாளெண்டால்... எனக்குப் பயமாக் கிடக்கு தம்பி, உண்மையாச் சொல்லுறன். அவள் வந்து இறங்கேக்கை கார் முழுசா நிக்கோணும்.

சட்டம் ஏனெண்டோ? முன்வீட்டு ஜசிந்தாவாலதான். மகன்ர உழவு மெசினை எங்கட படலையை மறிச்சு விட்டவ. நான் உடனை சங்கத்தைக் கூட்டினன். ரெண்டு நிமிசமெண்டாலும் ஒழுங்கையில வாகனம் விட்டால் ஒரு கிழமை ஒழுங்கை கூட்டோணும். விருந்தாளி விட்டாலும் வீட்டுக்காரர்தான் கூட்டோணும். முதல் கூட்டினது ஜசிந்தா. அவ குனிஞ்சு கூட்ட, நான் படலையில நிண்டு, "அங்கால ஒரு சருகு கிடக்கு" எண்டு காட்டினனான். ஒரு உதவிதானே.

காத்தோ? ஓம், காத்துத்தான். அண்டைக்கு ஒரு இலை ஆடேல்லை, அது வேறை கதை. வேலி அடைக்க ஓலை வெட்டுவிச்சனான். தம்பிராசா அண்ணை பனையில நிண்டு, "தங்கச்சி, காரை ஒழுங்கைக்கு எடும், ஓலையோட காய்க்குலையும் வரும்" எண்டார். நல்ல மனுசன். நானும் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தனான். பாத்தால், ஜசிந்தா தன்ர படலையில நிக்கிறா. கையில விளக்குமாறு. எனக்குத் தரத்தான் தம்பி வச்சுக்கொண்டு நிண்டவ. முகத்தில ஒரு சிரிப்பு வேறை.

நான் அண்ணாந்து பாத்துச் சொன்னன், "கார் நிக்கட்டும் அண்ணை, நீங்கள் வெட்டுங்கோ. முழு இன்சூரன்ஸ் கிடக்கு."

...என்ன, பேனையை மூடுறீர்? தேத்தண்ணி அரைவாசி கிடக்கு. காத்தெண்டு எழுதினனீரோ? இல்லையோ? தம்பி, நான் சொன்னதுக்குள்ள எது வேணுமோ அதை மட்டும் எழுதும் எண்டுதானே... இல்லை, போம். போறதெண்டால் போம்.

நில்லும், நில்லும், மோட்டச்சைக்கிளை ஏன் ஒழுங்கையில நிப்பாட்டுறீர்? ஒபிசுக்குப் போன் எடுக்கிறதெண்டால் உள்ளுக்கை வந்து எடும். ஐயோ, அவ வாறா...

ஜசிந்தா, அவர் என்ர விருந்தாளி இல்லை, இன்சூரன்ஸ்காரர். ஓம், தேத்தண்ணி குடுத்தனான்தான். ஓம்... சட்டம் எனக்குத் தெரியும், நான் எழுதினதுதானே.

தாரும் அந்த விளக்குமாறை.